பிக்கப் வண்டியின் அடியில் ‘டங்’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்தபோது ஐந்து பேர் ஏறக்குறைய ஒரே சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் அதை ‘டங்’ என்கிறார், ஒருவர் ‘டொக்’ என்கிறார், இன்னொருவருக்கு இரும்புக் கதவைத் தாழிட்டது போல இருக்கிறதாம். கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரம் வரை சுழற்சியைக் கொண்டுபோகும் பாதையில் எங்கோ ஓர் ஆட்டம் விழுந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் இதற்குப் பொருள். அந்தப் பாதை இதுதான்: கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் முனைகளில் கோணத்துக்கு வளைந்து கொடுத்துச் சுற்றும் ஜாயிண்டுகள், பின் ஆக்சிலின் நடுவில் டிஃப்ரன்ஷியல், அதற்குள் கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்கள். டயர், பாட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பிக்கப் பின்சக்கர இழுவை வண்டி. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கட்டுக்கம்பியும் சிமெண்டு மூட்டையும் ஏற்றுகிறேன். முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று ஓர் அடி. ரிவர்ஸ் போட்டாலும் அதே. ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மெல்லியதாக ஒன்று, மறுபடி மிதித்தால் இன்னொன்று. ஒரு பட்டறையில் கிரவுன்-பினியன் போய்விட்டது என்றார்கள். இன்னொரு பட்டறையில் கிளட்ச் என்றார்கள். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர்களில் யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததாக ஒரு வரிகூட அதில் இல்லை. இந்தச் சத்தத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டு, இன்ன இடம் என்று சொல்ல யாராலும் முடியாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் உள்ளே வெற்றிடமான இரும்புக் குழாய். ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் தட்டியது போலக் கேட்கும். சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான் காது சொல்லும். எங்கே வருகிறது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

எப்போது என்பதை நீங்களே தெளிவாக எழுதிவிட்டீர்கள். விசையின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழுகிறது. இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். காலை எடுத்ததும் சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது; பற்கள் மறுபக்கம் சாய்கின்றன. இடையில் கடக்க வேண்டிய வெற்றிடம் பெரிதாக இருந்தால், அதைக் கடந்து இரும்பு இரும்பில் மோதும் ஓசைதான் உங்கள் ‘டங்’. கிளட்ச் தட்டு வழுக்கினால் இப்படி ஒற்றை அடி வராது. இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. தட்டின் நடுவில் இருக்கும் சுருள்வில் உடைந்தால் இதுபோன்ற அடி வரலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

கிரவுன்-பினியன் என்று சொன்னவர் எதைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. ஷாஃப்டைக் கையால் திருகியிருப்பார்; அது கொஞ்சம் அசைந்திருக்கும். நல்ல வண்டியிலும் அது அசையும். பின் ஆக்சிலில் பல் விகிதம் 4-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் 4 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். அப்படியானால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் 1 பாகை ஆட்டம் ஷாஃப்டில் 4 பாகையாகப் பெருகித் தெரியும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே பெரும்பாலான வண்டிகளில் 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பற்கள் சூடேறிக் கடித்துக்கொள்ளும். ஆகவே ஷாஃப்ட் அசைகிறது என்பது மட்டும் டிஃப்ரன்ஷியலைப் பிரிக்கக் காரணமாகாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியை உங்கள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு கியரை நியூட்ரலில் வையுங்கள். பிக்கப்பில் பெரும்பாலும் ஜாக்கி தேவைப்படாது, உயரம் போதும். போதாது என்றால் ஸ்டாண்ட் வைக்காமல் தலையை உள்ளே நீட்ட வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது.

நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் மேஸ்திரி ஷாஃப்டைத் தானே திருகுவார். என் உள்ளங்கையை ஜாயிண்டின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். “கண்ணை மூடு. எந்த விரலுக்குக் கீழே தட்டுகிறது என்று சொல்” என்பார். முதல் வாரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், சுண்டுவிரலுக்கு அடியில் கடுகு உருண்டது போல ஒன்று பட்டது. அந்த ஜாயிண்டைக் கழற்றினோம். ஜாயிண்டின் நடுவில் கூட்டல் குறி வடிவில் இருப்பதைக் கிராஸ் என்போம். அதன் நான்கு முனைகளிலும் நான்கு கிண்ணங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் வரிசையாக ஊசி உருளைகள். மூன்று கிண்ணங்களில் கிரீஸ் கறுப்பாக இருந்தாலும் ஈரம் இருந்தது. நான்காவதைத் தட்டியபோது செங்கல்பொடி போலச் சிவந்த தூள் கொட்டியது. ஊசிகளில் பாதி தேய்ந்து மெலிந்திருந்தன. கிராஸின் அந்த முனையில், ஊசிகள் இருந்த இடங்களிலெல்லாம் நகத்தால் கீறியது போலக் கோடுகள். ஷாஃப்ட் நாள் முழுவதும் சுற்றினாலும் ஊசிகள் ஒரு சிறு கோண அளவுக்குள்தான் முன்னும் பின்னும் புரள்கின்றன. அதனால் அடி எப்போதும் அதே இடத்தில் விழுந்து குழியாகிறது. அந்தக் கிராஸை மேஸ்திரி பல ஆண்டுகள் பட்டறை ஜன்னலில் வைத்திருந்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் ஷாஃப்டை இடமும் வலமுமாக வெடுக்கென்று திருகட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்து, ஒரு பக்கத்துக் கவை (கிராஸைப் பிடித்திருக்கும் இரு காதுள்ள முனை) அசைந்த பிறகு மறுபக்கத்துக் கவை தாமதமாக அசைகிறதா என்று பாருங்கள். ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவுமே இருக்கக் கூடாது. “கொஞ்சம்தானே” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கிண்ணங்களின் விளிம்பில் சிவந்த தூள் படிந்திருந்தால் கை வைப்பதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. உங்கள் வண்டியில் ஷாஃப்ட் இரு துண்டாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங் இருக்கும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். அந்த ரப்பரை யாரும் பார்ப்பதே இல்லை.

ஜாயிண்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் மட்டும் டிஃப்ரன்ஷியலுக்குப் போங்கள். பினியன் ஃபிளேஞ்சிலிருந்து (ஷாஃப்டோடு போல்ட்டால் சேரும் வட்டத் தகடு) ஹவுசிங்கின், அதாவது டிஃப்ரன்ஷியல் கூட்டின், மூக்கு வரை சாக்பீஸால் ஒரே கோடாகப் போடுங்கள். ஃபிளேஞ்சை ஒரு பக்கம் முழுவதும் திருகி, அதன் கோடு நிற்கும் இடத்தை ஹவுசிங்கில் குறியுங்கள். மறுபக்கம் திருகி மறுபடியும் குறியுங்கள். ஃபிளேஞ்ச் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ளதாக இருந்தால் 1 பாகைக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் வரும். இந்த அளவைத் தாளில் எழுதி, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து ஃபிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பினியன் பேரிங் போய்விட்டது. அப்போது பட்டறைக்காரர் சொன்னது பாதி சரி. அப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் ஓடும்போது ஊளையிடும். உங்கள் கடிதத்தில் ஊளையைப் பற்றி எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் வெளியே இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். கமான் பட்டையை ஆக்சிலோடு கட்டியிருக்கும் யு-போல்ட் தளர்ந்திருந்தால், பாரம் ஏற்றும் வண்டியில் இதே சத்தம் வரும். போல்ட்டுக்குப் பக்கத்தில் துரு உரசிப் பளபளப்பான ஒரு கோடு தெரிந்தால் அதுதான். அடுத்தது இன்ஜின், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கிளட்ச்சைக் கடிக்கும் இடம் வரை மெதுவாக விடட்டும். பார்ப்பவர் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ரப்பர் விட்டுவிட்டது.

என் ஊகத்தைக் கேட்டால், பின் ஜாயிண்ட் கிராஸ் என்பேன். ஊகத்துக்காகப் பொருள் வாங்க வேண்டாம். கையை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, நானே வீட்டில் கிராஸ் மாற்றினேன். ‘டங்’ நின்றுவிட்டது. ஆனால் இப்போது 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்கிறது. புதிய கிராஸே கோளாறா?

பதில்: தம்பி, கிராஸைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஷாஃப்டைக் கழற்றும்போது குறி போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. அது கோணத்தில் நின்று சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் ஜாயிண்ட் இதற்கு நேர் எதிராக வேலை செய்து அந்தக் குறையை அடைத்துவிடும். அதற்கு இரு முனைகளின் கவைகளும் தொழிற்சாலையில் வைத்த அதே வரிசையில் இருக்க வேண்டும். ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நழுவிச் சேரும் பல்வரிசையை ஸ்பிளைன் என்போம்; அது இருக்கும் இடம்தான் நழுவு முனை. ஸ்பிளைனில் ஒரே ஒரு பல் தள்ளிச் செருகினாலும் ஒரு ஜாயிண்ட் இன்னொன்றின் குறையை முழுவதுமாக அடைக்காது.

ஷாஃப்டை மறுபடி இறக்கித் துடையுங்கள். நழுவு முனையிலும் குழாயிலும் அம்புக்குறி அடித்திருக்கிறதா என்று தேடுங்கள். பல வண்டிகளில் அழுக்குக்கு அடியில் அது இருக்கும். ஒரே துண்டு ஷாஃப்ட் என்றால் இரு முனைக் கவைகளையும் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். இரு துண்டு ஷாஃப்டில் இந்த வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். சென்டர் பேரிங் தாங்கிக்கும் சேஸிக்கும் நடுவே தகடுகள் இருந்தனவா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். அவை ஷாஃப்டின் கோணத்தைத் தீர்மானிப்பவை. கழற்றும்போது கீழே விழுந்த தகட்டைத் தேவையில்லை என்று ஒதுக்கி வைத்தவர்கள் பலர்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நான்கு கிண்ணங்களுக்கும் சர்க்லிப் (கிண்ணம் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) முழுவதுமாகக் காடியில் உட்கார்ந்ததா? கிண்ணத்தை அழுத்தும்போது ஓர் ஊசி சரிந்து அடியில் குறுக்கே விழுந்துவிட்டால், கிண்ணம் அந்த ஊசியின் கனம் அளவுக்கு வெளியே நிற்கும், சர்க்லிப் ஏறாது. அப்போது சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. அடித்தால் ஏறிவிடும், ஆனால் ஊசி உடைந்தோ வளைந்தோ உள்ளே கிடக்கும். வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி நிறுத்தி, வைஸில் வைத்து மெதுவாக அழுத்துவதுதான் வழி. எல்லாம் முடிந்த பிறகு கவையைக் கையால் மடக்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, தடங்கலின்றி வர வேண்டும். ஒரு பக்கம் விறைப்பாக இருந்தால் கவையின் காதில் செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கிண்ணம் சர்க்லிப்பை ஒட்டி நகர்ந்து விறைப்பு விடும்.

அடுத்த முறை ஸ்பேனரைத் தொடும் முன், ஃபிளேஞ்சின் இரு பக்கமும், நழுவு முனையின் இரு பக்கமும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். சாக்பீஸ் வேண்டாம். கிரீஸ் பட்ட கையால் தொட்டால் அழிந்துவிடும்.

கேள்வி: கிளம்பும்போது சத்தமே இல்லை. சிக்னலில் வண்டி நின்ற அடுத்த நொடியில், பின்னால் யாரோ மெல்ல இடித்தது போல ‘டொக்’ என்கிறது. ஜாயிண்டுகளைப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கின்றன.

பதில்: நழுவு முனை காய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின் ஆக்சிலின் மூக்கு அசைகிறது, கமான் பட்டை முறுகுகிறது, கியர் பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாஃப்டில் ஒரு முனை ஸ்பிளைனில் நழுவும்படி வைத்திருக்கிறார்கள். கிரீஸ் இல்லாத ஸ்பிளைன் உடனே நழுவாது. பிடித்துக்கொண்டே இருந்து, வண்டி நின்று பட்டை தளரும் நொடியில் சட்டென்று விடும். நீங்கள் கேட்பது அந்த விடுதலையின் ஓசை.

நழுவு முனையைக் குறி போட்டுப் பிரித்து, பழைய கிரீஸைக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, பற்களின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி போலத் தட்டினால் தேய்மானம் வந்துவிட்டது. கிரீஸ் கொஞ்ச காலத்துக்குச் சத்தத்தை அடக்கும், அவ்வளவுதான். வழவழவென்று இருந்தால் உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட கிரீஸைத் தடவிச் சேருங்கள். உள்ளே அடைத்துத் திணிக்க வேண்டாம். கிரீஸ் தேங்கிய காடிக்குள் ஸ்பிளைன் நழுவ இடமிருக்காது; ஷாஃப்ட் கட்டையாகி சென்டர் பேரிங்கையும் கியர் பாக்ஸையும் குத்தும். நழுவு முனை கியர் பாக்ஸுக்குள்ளேயே போகும் வகை வண்டி என்றால் அங்கே ஆயில் சீல் இருக்கும். பிரிக்கும்போது ஆயில் வழியும், அதற்குப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் பிக்கப். காலையில் பார்க்கிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது மட்டும் ஓர் அடி. நான் வண்டி நிறுத்துவது சரிவான இடத்தில்.

பதில்: சகோதரி, கடைசி வரியில் நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். பார்க் நிலையில் வண்டியின் முழு எடையும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியின் மேல் தொங்குகிறது. காலையில் அதை இழுத்து விடுவிக்கும்போது அடி விழுகிறது. இனி நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் நியூட்ரல், பிறகு ஹேண்ட் பிரேக், பிறகு பிரேக்கை மெல்ல விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பார்க். ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். சமதளத்திலும் அடி வந்தால் மட்டும் இன்ஜினின் ஐடில் வேகத்தையும் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சத்தம் ஆறு மாதமாக இருக்கிறது. இப்போது வேகம் கூடும்போது அதிர்வும் சேர்ந்திருக்கிறது. மெக்கானிக் ஒருவர் பினியன் நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கினால் சரியாகும் என்கிறார். வேலை அதிகம், வண்டியை நிறுத்த முடியாத நிலை. அதுவரை ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். உங்கள் வேலையின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் சொல்கிறேன். ‘டங்’ மட்டும் இருந்தால் நாள் பார்த்து வேலைக்கு விடலாம். அதோடு அதிர்வு சேர்ந்துவிட்டால், கிராஸின் கிண்ணம் ஒன்று தன் இடத்தை விட்டு ஆட ஆரம்பித்திருக்கலாம். முன் ஜாயிண்ட் வேகத்தில் உடைந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் விழுந்து குத்தும், ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் வண்டியே அதன் மேல் ஏறும். ஒருமுறை அப்படி வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஷாஃப்ட் தரைத்தகட்டைக் கிழித்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வெளியே வந்திருந்தது. ஓட்டியவர் உயிரோடு இருந்தார். பக்கத்து இருக்கையில் அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பினியன் நட்டை யாரையும் தொட விடாதீர்கள். பல வண்டிகளில் அந்த நட்டுக்குப் பின்னால், பினியன் பேரிங்குகளுக்கு நடுவே, நசுங்கும் குழல் ஒன்று இருக்கிறது. முதலில் முடுக்கும்போது அது ஓர் அளவுக்கு நசுங்கி, பினியன் பேரிங்குகளுக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கிறது. மேலும் முடுக்கினால் மேலும் நசுங்கும், திரும்ப நீளாது. பேரிங்குகள் அளவுக்கு மீறி இறுகிச் சூடேறும். இன்று ஒரு கிராஸோடு முடிகிற வேலை, சில வாரங்களில் டிஃப்ரன்ஷியல் முழுவதையும் இறக்கும் வேலையாகிவிடும்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஷாஃப்டைப் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு மூக்கு) உள்ள கிராஸாக இருந்தால் கையால் அழுத்தும் கிரீஸ் கன்னால் மெதுவாக ஏற்றுங்கள். நான்கு சீல்களிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். எந்த ஒன்றில் வரவில்லையோ அந்தக் கிண்ணத்தைத் திருகிப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் ஆட்டம் இருக்கும். கிரீஸ் ஏறிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது என்று அன்று மாலையே பாரம் ஏற்ற வேண்டாம். தேய்ந்த ஊசி கிரீஸால் வளராது. குறி போட்டு ஷாஃப்டைக் கழற்றி, கிராஸை மட்டும் மாற்றி, போல்ட்டுகளைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்கி, முதலில் வெறும் வண்டியாக ஓட்டிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே போல்ட்டுகளில் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பாரம் ஏற்றுங்கள்.